தோட்டா எங்கே கிடந்தது?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இரும்புக்கு ஓய்வு கிடையாது. அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்துக்கு உள்ளே, மணல் தூர்ந்து தூர்ந்து படகுகளைத் தடுக்கும் அந்த நீர்வழியின் ஓரத்தில், விசைப்படகுகளின் சங்கிலி, நங்கூரம், இயந்திர மூடி, கரையில் போட்டிருக்கும் கம்பி என எல்லாவற்றிலும் துரு ஏறிக்கொண்டே இருக்கிறது. பெயின்ட் அடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளமாக எழும்பி, பிறகு செதில் செதிலாக உதிர்கிறது. புதுச்சேரிக்கு வருபவர்கள் இந்தப் பக்கம் வந்தால் அலையாத்திச் செடிகளையும் பறவைகளையும், ஆற்றின் மேல்புறத்தில் இருக்கும் அரிக்கமேட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். ராணுவம் கழித்துவிட்ட ரைபிள் தோட்டாவை வாங்கிச் சுட்டால் ரைபிளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை இந்தத் துறைமுகத்தில் தொடங்குவது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இந்த உப்புக் காற்றில்தான் இருக்கிறது. கழிவுத் தோட்டா மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், அதன் விலையில் ஒரு பகுதியை வாங்குபவர் கடையில் கட்டுவதில்லை என்பதே. மீதியை ரைபிளின் குழல் பிறகு கட்டுகிறது. அந்த மீதி எவ்வளவு என்பதை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டைவிட, தோட்டா எங்கே கிடந்தது, எங்கே சுடப்பட்டது என்ற இரண்டு சங்கதிகளே அதிகம் தீர்மானிக்கின்றன. தேங்காய்த்திட்டிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக நீலகிரியின் அருவங்காடு வரை போகும் வழியில் இதற்கான சான்றுகள் வரிசையாகக் கிடைக்கின்றன.

இந்தியாவில் யார் ராணுவத் தோட்டா வாங்குகிறார்கள் என்று உடனே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி சாதாரண உரிமம் வைத்திருப்பவருக்கு ராணுவ அளவுத் தோட்டா கிடையாது. .303, 7.62 மில்லிமீட்டர் இரண்டும் அவருக்கு விலக்கப்பட்டவை. இந்த விலக்கு சுதந்திர இந்தியா புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் அரசு, படையின் தோட்டா வெளியார் கைக்குப் போகக் கூடாது என்று அந்த அளவுகளில் வேட்டைத் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. அதனால்தான் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை .303 ரைபிளின் அதே இயங்குமுறையில், ஆனால் .303 தோட்டா பொருந்தாதபடி .315 என்ற வேட்டை ரைபிளைச் செய்தது. ஆக, இங்கே தனியாருக்குக் கழிவுத் தோட்டாச் சந்தை இல்லை. ஆனால் அரசுக்குள்ளேயே ஒரு கைமாற்றம் நெடுங்காலம் நடந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் 7.62க்கு மாறியபோது .303 ரைபிள்கள் மாநிலக் காவல்துறைகளிடம் போய்த் தங்கிவிட்டன. உத்தரப் பிரதேசக் காவல்துறை அவற்றுக்கு விடைகொடுத்தது 2020 ஜனவரியில்தான். கனடாவிலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே மரப்பெட்டியோடு வாங்கலாம். அந்த நாடுகளில் குடியேறிய தமிழர்களில் மான் வேட்டை உரிமமோ குறிபார்க்கும் விளையாட்டில் ஈடுபாடோ உள்ளவருக்கு இது கைக்காசு சம்பந்தப்பட்ட கேள்வி. நமக்கோ, பொதுச் சொத்தாக இருந்த ரைபிள்கள் எப்படிப் பாழாயின என்ற கேள்வி.

முதலில் உப்பு. தோட்டாவின் அடியில் பிரைமர் என்ற சிறு கிண்ணம் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டும்போது எழும் தீப்பொறிதான் உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது. பழைய ராணுவத் தோட்டாக்களில் அந்தக் கிண்ணத்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவான அந்த உப்பு குழலின் உட்சுவரிலும், சுழல் பள்ளங்களின் மூலைகளிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. அதற்கு ஈரம் வேண்டும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல இதுவும் காற்றிலிருந்து நீரை இழுக்கிறது. சமையல் உப்பு கசியத் தொடங்குவது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது. பொட்டாசியம் குளோரைடு கசிவது ஏறத்தாழ 84 சதவீதத்தில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புதுச்சேரிக் கடற்கரையின் இரவுகள் இந்த அளவை எளிதில் தாண்டுகின்றன. ஒரே தோட்டாவை ஒரே ரைபிளில் பாலைநிலத்தில் சுட்டுவிட்டு நாலு நாள் துடைக்காமல் வைத்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். தேங்காய்த்திட்டின் காற்றில் ஒரு இரவு போதும், காலையில் குழலுக்குள் செம்பழுப்பு தெரியும். அந்தத் துருவைத் தேய்த்து எடுத்தாலும் அது தின்ற குழி போகாது. அடுத்த முறை உப்பு அந்தக் குழியில்தான் முதலில் தங்கும். இப்படித்தான் குழல் படிப்படியாக அழிகிறது, சுட்ட எண்ணிக்கை நூறைத் தாண்டாவிட்டாலும்.

இந்த உண்மை வெளிச்சத்துக்கு வர நெடுநாள் ஆனது என்பது கவனிக்கத் தக்கது. புகையில்லா மருந்து வந்த பிறகு முப்பது ஆண்டுக்கும் மேலாக, குழல் துருப்பிடிப்பதற்கு மருந்தின் அமிலப் புகைதான் காரணம் என்று துப்பாக்கி வல்லுநர்களே நம்பினார்கள். அமிலம் எஃகின் நுண்துளைகளில் ஊறிப் பிறகு வியர்த்து வெளிவருகிறது என்றுகூட விளக்கம் சொன்னார்கள். ஆகவே எண்ணெயை நிறையப் பூசினார்கள். எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் துரு வளர்ந்தது. 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறையின் வேதியியலாளர் ஹஃப் வெளியிட்ட அறிக்கை, குற்றவாளி பிரைமரின் உப்புதான் என்று நிறுவியது. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். வேதியியல் விளக்கம் தெரியாமலே பிரிட்டிஷ் சிப்பாய் சரியானதைச் செய்துகொண்டிருந்தான். குழலில் புனல் வைத்துக் கொதிக்கும் நீரை ஊற்றி, துணி கட்டிய கயிற்றை இழுத்துத் துடைத்து, காய்ந்த பிறகே எண்ணெய் போட்டான். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் குளோரேட் இல்லாத பிரைமர் வணிகத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் படைகள் அவசரப்படவில்லை. குளோரேட் கிண்ணம் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் தவறாமல் வெடிக்கும் என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அமெரிக்கா சிறிய கார்பைன் துப்பாக்கியின் தோட்டாவுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே துருவூட்டாத பிரைமரைக் கொடுத்தது. அந்தத் துப்பாக்கியின் வாயுத் தண்டைச் சிப்பாய் கழற்றித் துடைக்க முடியாது என்பதே காரணம். சோவியத் நாடுகளின் தோட்டா அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பழைய கிண்ணத்தோடே வந்தது. கனடாவில் பெட்டியாக விற்கப்பட்ட மலிவுத் தோட்டாக்களில் பல அவைதான்.

கொதிநீர் ஊற்றினால் தீர்ந்தது, பிறகு இவ்வளவு பேச்சு எதற்கு என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். உப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. அன்றே, அதே மாலையே கழுவினால் குழல் பிழைக்கும். ஆனால் தானியங்கி ரைபிளில் வாயு குழலோடு நிற்பதில்லை. ஒரு சிறு துளை வழியாகத் தண்டுக்கும் உருளைக்கும் போய் அங்கேயும் உப்பைப் படியவைக்கிறது. கழுவுகிறவர் குழலைக் கழுவுகிறார், உருளையை மறக்கிறார். இதைவிடப் பெரிய விஷயம், கழிவுத் தோட்டாவின் கெடுதல் உப்போடு முடிவதில்லை என்பது. கழுவினால் போகாத கெடுதல்களைப் பார்க்கப் புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்கு வர வேண்டும்.

அங்கே, கூபேர் அவென்யூவில், முதல் உலகப்போரில் பிரான்சுக்காக இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஒவ்வொரு ஜூலை 14ஆம் நாளும் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். அவர்கள் சேர்ந்த படையின் அடையாள ரைபிள் 1886ஆம் ஆண்டின் லெபல். புகையில்லா மருந்தைக் கொண்டு உலகில் முதலில் செய்யப்பட்ட படை ரைபிள் அது. பால் வியெல் 1884இல் கண்ட அந்த மருந்து ஒரே நாளில் மற்ற நாடுகளின் ரைபிள்களைப் பழையதாக்கியது. ஆனால் கிடங்கில் அது எப்படி முதுமையடையும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நைட்ரோசெல்லுலோஸ் மெல்ல மெல்லத் தானே சிதைந்து அமிலப் புகையை விடும். வெப்பம் கூடினால் சிதைவு பல மடங்கு விரைவுபடும். சேர்ந்த வெப்பம் வெளியேறாவிட்டால் தானே தீப்பற்றும். துலோன் துறைமுகத்தில் 1907இல் இயெனா போர்க்கப்பலும் 1911இல் லிபர்த்தே போர்க்கப்பலும் வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தது இந்த மருந்து கெட்டுப்போனதால்தான். ரைபிள் தோட்டாவுக்குள் இருக்கும் சிறிதளவு மருந்து அப்படி வெடித்துச் சிதறாது. ஆனால் கெட்ட மருந்து பித்தளையை உள்ளிருந்தே அரிக்கும். ஒரு தோட்டா சத்தமே இல்லாமல் நமத்துப்போகும். அடுத்தது அளவுக்கு மீறிய அழுத்தத்தோடு வெடிக்கும். மே மாதப் புதுச்சேரியில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் வெப்பத்தை நினைத்துப் பார்த்தால், குளிர்நாட்டுக் கிடங்கில் நாற்பது ஆண்டு கிடந்த தோட்டாவும் இங்கே நாற்பது ஆண்டு கிடந்த தோட்டாவும் ஒரே வயதுடையவை அல்ல என்பது விளங்கும்.

லெபல் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1932இல் பிரெஞ்சுப் படை இயந்திரத் துப்பாக்கிக்காக ‘என்’ என்று பெயரிட்ட புதிய தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் ரவை, அதாவது கூட்டிலிருந்து பறந்துபோகும் குண்டு, சற்றுப் பருமன். அதை ஏற்கும்படி ரைபிள்களில் தோட்டா அமரும் அறையையும் அகலப்படுத்தி, ‘என்’ என்ற எழுத்தை உலோகத்தில் பொறித்தார்கள். எழுத்து இல்லாத பழைய லெபலில் அந்தத் தோட்டாவைச் சுட்டால் ரவையைப் பிடித்திருக்கும் பித்தளைக் கழுத்து விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். பிரிட்டிஷ் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காக வந்த .303 எட்டாம் மார்க் தோட்டாவின் ரவை பின்புறம் குறுகியது. தேய்ந்துபோன சாதாரண ரைபிள் குழலில் அது வாயுவைச் சரியாக அடைக்காது. குறி சிதறும், தேய்மானமும் கூடும். இரண்டுமே ராணுவத்தின் தரமான தயாரிப்புகள், இரண்டிலும் குற்றமில்லை. வேறொரு ஆயுதத்துக்காகப் பிறந்தவை என்பதுதான் சிக்கல். படைக்குள் இருக்கும்வரை எந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்கு என்று சொல்ல ஒரு கிடங்குக்காரர் பதிவேட்டோடு இருந்தார். கழிவாக விற்கப்படும்போது தோட்டா மட்டும் வருகிறது, பதிவேடு வருவதில்லை.

விழுப்புரம், சேலம், கோவை கடந்து மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலில் ஏறினால், குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் அடுத்து அருவங்காடு நிலையம் வரும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். வண்டியின் சன்னலிலிருந்து பள்ளத்தாக்கில் தொழிற்சாலைக் கூரைகள் தெரிகின்றன. வெளியார் உள்ளே போக முடியாது. 1903இல் தொடங்கி, காட்டேரி அருவியின் நீரில் மின்சாரம் எடுத்து இயங்கிய இந்த வெடிமருந்துத் தொழிற்சாலை, இந்தியப் படையின் .303 தோட்டாக்களுக்குக் கார்டைட் மருந்து செய்வதற்காகவே எழுந்தது. 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. நூடுல்ஸ் போன்ற நீள இழைகளாக இருக்கும் கார்டைட், குழலுக்கு உப்பைவிட மூர்க்கமான எதிரி. முதலில் வந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். அதன் சுடர் அவ்வளவு சூடானது என்பதால் ரவை கிளம்பும் இடத்தில் எஃகையே அரித்தது. 1888இன் லீ-மெட்ஃபோர்டு ரைபிளில் ஆழமில்லாத, மூலைகள் உருண்ட பள்ளங்கள் இருந்தன. கரிமருந்தின் கரி ஒட்டாமல் இருக்க நன்கு யோசித்துச் செய்த வடிவம் அது. கார்டைட் வந்ததும் அந்தப் பள்ளங்கள் சில ஆயிரம் குண்டுகளிலேயே வழவழவென்று ஆகிவிட்டன. 1895இல் ரைபிளையே மாற்றி, ஆழமான பள்ளம் கொண்ட லீ-என்ஃபீல்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு 1901 வாக்கில் மருந்தையும் மாற்றி நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு பேரரசே தன் தோட்டாவுக்கு ஏற்ப ரைபிளைத் திருத்த வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. தோட்டா வாங்குவது என்பது ரைபிளின் ஆயுளை முடிவுசெய்வது.

கிடந்த இடம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு மிக வலுவான ஆதாரமும் இந்திய மண்ணிலிருந்தே வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத புதுத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே விரிசல் கண்டிருந்தன. வெகுநாள் அது பருவத்தின் குணம் என்றே கருதப்பட்டது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்: தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா மழைக்கால ஈரத்தில் கரைந்து பித்தளையைத் தாக்கியது, குளிர்நிலையில் இழுத்து உருவாக்கும்போது கூட்டுக்குள் தங்கிய இறுக்கம் அந்த இடத்தில் பிளந்தது. மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தை நீக்கினால் விரிசல் வராது. இன்றைய ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலப் பழுப்பு நிறம் அப்படிச் சூடாக்கியதன் தடம். இந்தச் சம்பவத்தில் பிரைமரில் தவறில்லை, மருந்தில் தவறில்லை, தயாரித்த ஆண்டும் பழையதல்ல. தவறு கிடங்கில். விரிசல் கண்ட கூடு வெடிக்கும்போது சூடான வாயு பின்பக்கமாகக் கசிந்து அறையின் சுவரை அரிக்கிறது. சில நேரம் சுடுபவரின் முகத்தை நோக்கியும் வருகிறது.

ராணுவத் தோட்டாவுக்கு ஆதரவாகப் பேசுபவர்களின் வலுவான வாதம் அதன் அடைப்பு. பிரைமரின் விளிம்பில் அரக்கு, ரவையின் கழுத்தில் தார், அதற்கு மேல் ஈயம் வைத்து அடைத்த தகரப் பெட்டி. பெரும்பாலான வணிகத் தோட்டாக்களுக்கு இந்தக் காப்பு இல்லை. உண்மை. அடைப்பு உடையாத பெட்டி, குளிர்ந்த கிடங்கில் இருந்திருந்தால், அரைநூற்றாண்டு கழித்தும் நன்றாகச் சுடும். ஆனால் இந்த வாதம் என் வாதத்துக்கே துணைபோகிறது. பெட்டியை நம்புகிறோம் என்றால் கிடந்த இடத்தைத்தான் நம்புகிறோம். பெட்டி உடைந்து, கோணிப்பையில் கொட்டி, கிலோக்கணக்கில் விற்கப்படும் தோட்டாவுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. ராணுவம் ஏன் அதைக் கழித்தது என்றும் கேட்க வேண்டும். துப்பாக்கியின் அளவு மாறியதால் கழித்திருந்தால் சரக்கு நல்லதாக இருக்கலாம். ஆயுட்காலச் சோதனையில் தேறாததால் கழித்திருந்தால் அதே முத்திரை, அதே பித்தளை, வேறு சரக்கு. இரண்டுக்கும் கடையில் ஒரே விலை.

மிச்சமாகும் பணத்தில் புதுக் குழலே வாங்கிவிடலாமே என்பது மறுப்புகளிலேயே கணக்கோடு வருவது. ஆயிரக்கணக்கில் சுடும் விளையாட்டு வீரர், இன்றும் உற்பத்தியில் இருக்கும் ரைபிளில் சுட்டால், இந்தக் கணக்கு பலமுறை சரியாகவே வரும். எஃகு உறை போட்ட மலிவு ரவை செப்பு உறையைவிட விரைவாகக் குழலைத் தேய்த்தாலும், மிச்சம் அதை ஈடுகட்டலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கழிவுத் தோட்டாவைத் தேடிப் போகிறவர்களில் பலர் கழிவு ரைபிளையே வைத்திருப்பவர்கள். 1940களின் லீ-என்ஃபீல்டுக்கும் இஷாப்பூரின் 1960களின் ரைபிளுக்கும் நல்ல குழல் கடையில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பொருத்தத் தெரிந்த கை அதைவிட அரிது. மாற்ற முடியாத பொருளை, மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கில் செலவழிக்கக் கூடாது. தவிர, இந்தக் கணக்கில் சேராத ஒன்று தாமத வெடிப்பு. ஊசி தட்டிய பிறகு ஒரு நொடி ஒன்றும் நடக்காது. சுடுபவர் பொறுமையிழந்து தாழைத் திறக்கும் கணத்தில் தோட்டா வெடிக்கும். முதிர்ந்த பிரைமர்களின் கெட்ட பழக்கம் இது. தட்டியும் வெடிக்காத தோட்டாவை, குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருந்தே வெளியே எடுக்க வேண்டும் என்பது பழைய .303 சுடுபவர்கள் அனைவரும் கற்றுக்கொள்ளும் விதி.

கனடாவின் வடகோடியில் காவல் சுற்றும் ரேஞ்சர் படை 1947இல் உருவானது. அவர்கள் கையில் இருந்ததும் போரில் மிஞ்சிய லீ-என்ஃபீல்டுகளே. 2018 வாக்கில்தான் புதிய ரைபிள்கள் வந்தன. மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம் உதிரிபாகம் கிடைக்காதது. பனிப்பாலையின் உலர்ந்த குளிரில் எழுபது ஆண்டு உழைத்த அந்த ரைபிளின் உடன்பிறப்புகள்தான் நம் கடலோரக் காவல் நிலையங்களின் ஆயுத அறைகளிலும் இருந்தன. அங்கே சுட்ட மாலையில் கொதிநீர் ஊற்றப்பட்டதா, தோட்டாப் பெட்டி தரையில் இருந்ததா பலகைமேல் இருந்ததா, அறைக்குக் காற்றோட்டம் இருந்ததா என்பவையே அந்தந்த ரைபிளின் விதியை எழுதின. விலக்கப்பட்டு இன்னும் அழிக்கப்படாமல் கிடக்கும் .303 கையிருப்பு எங்கேனும் இருந்தால், அதைப் பயிற்சிக்குத் தீர்த்துவிடலாம் என்று முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளியது. ஆயுதப் பணிமனைக்காரர் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சில தோட்டாக்களைப் பிரித்து, பித்தளையின் உட்புறத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம். மருந்தில்லாத கூட்டின் பிரைமரை மட்டும் மெருகேற்றிய இரும்புத் தகட்டின் மேல் வெடித்து, தகட்டைத் துடைக்காமல் ஈரக் காற்றில் இரண்டு நாள் வைக்கலாம். துரு பூத்தால் அந்தத் தொகுப்பு முழுவதற்கும் கொதிநீர் கட்டாயம். பித்தளையில் பச்சை இருந்தால் அந்தத் தொகுப்பை எந்த ரைபிளிலும் ஏற்றக் கூடாது.